ரப்பர் தோட்டத்தில் ஜான்சி ராணிப் படை: குறைந்த செலவில் ஒரு போர்ப்படம் எடுக்கும் முறை

குறைந்த பணத்தில் போர்ப்படம் எடுக்க விரும்புகிறவர், கேமராவையும் துப்பாக்கியையும் பற்றி யோசிப்பதற்கு முன், தம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நிலமும் மனிதர்களும் எந்தப் போரின் சாயலைக் கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் வரை நீளும் தமிழ்நாடு–கேரள எல்லைப் பகுதியில் வாழ்கிறவருக்கு இதற்கான விடை எளிது. கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கினால் ரப்பர் தோட்டங்கள், தென்மலையையும் அச்சன்கோவிலையும் சுற்றித் தேக்கு மரங்கள், கழுதுருட்டியில் 1904-இல் திறக்கப்பட்ட ரயில் பாதையின் பதின்மூன்று கண் பாலம், பள்ளத்தில் கல்லடையாறு. இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையின் கதைக்கு வேண்டிய 1943-ஆம் ஆண்டு மலாயாவும் 1945-ஆம் ஆண்டு பர்மாவும் ஒரு ஜீப் ஓடும் தூரத்துக்குள் கிடைக்கின்றன. அந்தப் படையை எடுத்துக்காட்டாக வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வேறொரு புரட்சியில் போரிட்ட பெண்களைப் படமாக்குகிறவர்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

வரலாற்றில் எதை எடுத்துக்கொள்வது என்பதே முதல் வேலை. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 9-இல் சிங்கப்பூர்க் கூட்டத்தில் பெண்கள் படை ஒன்றை அமைக்கப்போவதாக அறிவித்தார். மூன்றே நாளில், சென்னையில் பிறந்து வளர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் திரட்டிய சிறு குழு, ஆங்கிலேயரிடமிருந்து பிடிபட்ட கனத்த துப்பாக்கிகளுடன் போஸுக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தது. அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி தேவரைப் போன்றவர்களும், எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிப் பெண்களும் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே வரிசையில் நின்றார்கள். 1944-இல் படையின் ஒரு பகுதி பர்மாவின் ரங்கூனுக்கும் மேமியோவுக்கும் சென்றது. ஜப்பானியரும் இந்திய தேசிய ராணுவமும் நடத்திய இம்பால் படையெடுப்பு தோற்றபோது அவர்கள் காயம்பட்டவர்களைப் பேணும் செவிலியராகவே பெரிதும் பணிபுரிந்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுப் பாங்காக் நோக்கி, பெரும்பாலும் இரவில், வாவ், சிட்டாங் ஆறுகளைக் கடந்து பின்வாங்கினார்கள்.

இந்தப் படை போர்முனைக்கு அனுப்பப்படவே இல்லை என்பதைக் கண்டு பல திரைக்கதையாசிரியர்கள் கலங்கிப்போய், இல்லாத ஒரு தாக்குதலைக் கற்பனை செய்து இறுதிக்காட்சியாக வைத்துவிடுகிறார்கள். வரலாற்றுக்குப் பொய்யான அந்தக் காட்சிதான் பணத்தையும் அதிகமாக விழுங்கும்: நூறு துணை நடிகர்கள், வெடி, எதிரிப் படைக்கு வேறு சீருடை, எரியும் வண்டிகள். மாறாக, போர்முனைக்குப் போக வேண்டும் என்று பயிற்சி பெற்றுவிட்டு அங்கே அனுப்பப்படாத பெண்களின் தவிப்பு, குண்டுவீச்சுக்கு நடுவே மருத்துவமனை வேலை, வானத்தைப் பார்த்துப் பயந்தபடி பகலில் மரத்தடியில் படுத்து இரவில் நடக்கும் பின்வாங்கல் ஆகிய மூன்றும் உண்மையானவை, கனமானவை, மலிவானவை. சிறு செலவுப் படத்துக்கு இதைவிட வாய்ப்பான போர் கிடைப்பது அரிது என்பது என் கருத்து.

திரைக்கதையின் உள்மோதலும் வரலாற்றிலேயே இருக்கிறது. ஜப்பானியர் 1942-இலும் 1943-இலும் கட்டிய 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் திரளாகக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டார்கள். அதே ஜப்பானியர்தாம் இந்திய தேசிய ராணுவத்தின் கூட்டாளிகள். அண்ணனை அந்தப் பாதைக்குப் பறிகொடுத்த ஒரு பால்வெட்டுப் பெண், எந்த மனநிலையில் முகாமில் பெயர் கொடுப்பாள்? நாட்டு விடுதலைக்காக மட்டுமா, அல்லது லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின்) அறையிலிருந்தும் கங்காணியின் (வேலை மேற்பார்வையாளரின்) வசவிலிருந்தும் தப்பி, மூன்று வேளைச் சோறும் ஒரு மரியாதையும் கிடைக்கும் என்பதற்காகவுமா? இரண்டும் சேர்ந்தே என்று எழுதத் துணிகிறவர் நல்ல படம் எடுப்பார். கதாநாயகியைத் தொடக்கத்திலிருந்தே வீர வசனம் பேச வைத்தால், பிறகு எத்தனை துப்பாக்கி காட்டினாலும் அவளுக்கு உயிர் வராது.

பட்டியலிட வேண்டிய பாத்திரங்களைப் பன்னிரண்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு பிரிவுதான் கதை, படை முழுவதும் அல்ல. மற்றவர்களின் இருப்பைக் காலடி ஓசையாலும் கூப்பிடும் குரலாலும் உணர்த்தலாம். அணிவகுப்புக் காட்சிக்கு மட்டும் ஒரே நாளில் நாற்பது பேரைத் திரட்டி, அவர்களை இரண்டு முகாம்களாகவும் இரண்டு பருவங்களாகவும் உடை மாற்றிப் படமெடுத்துவிடலாம்.

நடிகர்களைத் தேடும்போது இந்த எல்லைப் பகுதிக்கு மட்டுமே உரிய ஒரு வாய்ப்பு உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காகப் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் ரிஹாபிலிடேஷன் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது; குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அதன் தோட்டங்கள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களின் பெண்கள் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கும் விதத்தை எந்த நடிப்புப் பட்டறையும் கற்றுத்தர முடியாது. துரை, கங்காணி, கிராணி (எழுத்தர்), லயம், பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு) ஆகிய தோட்டச் சொற்கள் அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் இயல்பாக வரும். மலாயாத் தோட்டங்களிலும் வழங்கிய சொற்கள்தாம் அவை. ஆனால் இலங்கை மலையகத் தமிழின் இழுவை மலாயாத் தமிழின் இழுவை அல்ல. அதைத் திருத்தப் போய் அவர்கள் பேச்சை முடக்குவதைவிட, அப்படியே விட்டுவிடுவது மேல். முதன்மைப் பாத்திரங்கள் மூன்று நான்கிற்கு மட்டும் பயின்ற நடிகைகளை அழைத்து, அவர்களைப் படப்பிடிப்புக்கு முன்பே தோட்டத்துக்கு அனுப்பி, விடியற்காலையில் இந்தப் பெண்களோடு மரத்துக்கு மரம் நடக்க வைக்க வேண்டும்.

பால்வெட்டு விடியலில் தொடங்கி, பால் எடுத்து எடைபோட்டு முடிய நண்பகல் ஆகிவிடும். எனவே தொழிலாளர்கள் நடிக்கும் காட்சிகளைப் பிற்பகலில் வைத்து, அவர்களுக்கு அரைநாள் கூலியல்ல, முழுநாள் கூலி கொடுக்க வேண்டும். காலைக் கூலியை அவர்கள் இழக்கவில்லை என்று கணக்குச் சொல்கிற தயாரிப்பு மேலாளரை அன்றைக்கே மாற்றிவிடலாம்.

பருவத்தைப் பிழையின்றித் தேர்ந்தால் பாதிச் செலவு மிச்சம். ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்து, பிறகு தளிர்க்கும். அந்த இடைவெளியில் தோட்டம் மொட்டையாக நிற்பதால் மலாயாவின் அடர்ந்த நிழல் கிடைக்காது. ஆகவே மலாயாக் காட்சிகளை அக்டோபர், நவம்பரில், துலா மழை (வடகிழக்குப் பருவமழை) பெரும்பாலும் பிற்பகலில் பெய்யும் என்பதை மனத்தில் வைத்துக் காலைகளில் எடுக்க வேண்டும். தொழிலாளர்கள் வேண்டிய பிற்பகல் காட்சிகளுக்கு லயத்தின் உட்புறத்தை மாற்று இடமாக எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். பர்மாவிலிருந்து பின்வாங்கியது ஏப்ரல், மே மாதக் கடும் வெயிலில்; தேக்கு இலையுதிர்த்துச் சருகு மண்டிக் கிடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் அதற்குப் பொருந்தும். சருகின் மேல் நடக்கும் ஓசை ஒலிப்பதிவாளருக்குக் கிடைக்கும் கொடை. கணவாய்க்கு மேற்கே மலைநிழலால் காலை வெயில் தாமதமாக இறங்கும். கிழக்கே செங்கோட்டைப் பக்கம் மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். நாள் அட்டவணை போடும் உதவி இயக்குநர் இந்த இரண்டையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே காட்சிகளை வரிசைப்படுத்த வேண்டும்.

இன்றைய ரப்பர் தோட்டத்தில் காலத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருள்கள் சில உண்டு. மழைக்காக மரத்தில் சுற்றப்படும் பிளாஸ்டிக் பாவாடை, பிளாஸ்டிக் கோப்பை, அதைத் தாங்கும் புதுக் கம்பி ஆகியவை கேமராவின் பார்வையில் விழும் மரங்களிலாவது அகற்றப்பட வேண்டும். கேரளத்துக்குரிய சிரட்டையும் மலாயாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே கண்ணாடி, பீங்கான் கோப்பைகள் வழக்கத்தில் இருந்தன. முன்வரிசை மரங்களுக்குப் பழைய பீங்கான் கிண்ணங்கள் கட்டினால் போதும், பின்வரிசை மங்கலாகத்தான் தெரியும். ஜப்பானிய ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளியதற்குக் கொல்லம் மாவட்டத்தின் மரச்சீனிக் கொல்லைகள் அப்படியே பயன்படும். வாழைமரம் அச்சிட்ட அக்காலப் பத்து டாலர் தாளை ஒரு கட்டு அச்சடித்துக்கொண்டால், மதிப்பிழந்த பணத்தின் கதையை வசனமின்றிச் சொல்லிவிடலாம்.

துப்பாக்கிதான் இப்படத்தின் பெரிய சோதனை. அன்றைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஏறக்குறைய 113 சென்டிமீட்டர் நீளமும் 4 கிலோ எடையும் உடையது. உள்ளூர்த் தச்சரிடம் ரப்பர் மரத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம். வேலைக்கு இணக்கமான மரம், விலையும் குறைவு. ஆனால் அது எடையில்லாத மரம். எடையில்லாத துப்பாக்கியை ஏந்திய நடிகையின் தோள் உண்மையைச் சொல்லிவிடும். குழல் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் குழாயைப் பதித்து, கட்டையினுள் கம்பித் துண்டுகளை இறுக்கி, தராசில் வைத்து நான்கு கிலோவாக்கிய பிறகுதான் வண்ணம் பூச வேண்டும். குழாயின் வாயை அடைத்துப் பற்றவைப்பது பாதுகாப்புக்கும் நல்லது, காவல்துறையினரின் கேள்விக்கும் நல்ல விடை. அருகில் காட்டும் காட்சிகளுக்கு மட்டும் பூட்டு (போல்ட்) நகரும்படியான இரண்டு துப்பாக்கிகள் போதும். அந்தப் பூட்டை ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் மேலே தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி, கீழே அழுத்த வேண்டும். பத்துத் தோட்டாக்கள் தீர்ந்ததும் ஐந்தைந்தாகக் கோத்த தகட்டால் மீண்டும் நிரப்ப வேண்டும். இந்தத் தாளம் தெரியாமல் நடிகை தொடர்ந்து சுட்டுக்கொண்டே போனால், விஷயம் தெரிந்த பார்வையாளர் அங்கேயே படத்தை விட்டுவிடுவார். துப்பாக்கி முனையின் நெருப்பைப் படத்தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பின்னுதைப்பை மட்டும் நடிகையின் உடல்தான் காட்ட வேண்டும். ஒத்திகையில் ஒருவர் பின்னாலிருந்து துப்பாக்கியின் அடிக்கட்டையை மெல்ல இடித்துக் கொடுத்துப் பழக்குவது உதவும்.

அணிவகுப்புப் பயிற்சிக்கு ஊரில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவராவது கிடைப்பார். அவரை அழைத்து, தேசிய மாணவர் படையில் இருந்த பெண்களைத் துணைக்கு வைத்து, எல்லாரையும் ஒரே நாளில் தேர்ந்தவர்களாக்காமல் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். கதையின் வரிசைப்படி படமெடுக்க முடிகிற ஒரே பகுதி இதுதான் என்பதால், முதல் நாளின் தடுமாற்றத்தையும் இறுதி நாளின் இறுக்கத்தையும் நடிப்பாக அல்லாமல் நிகழ்வாகவே பதிவு செய்யலாம். ஆணைகள் இந்துஸ்தானியில் தரப்பட்டன. தோட்டத்துப் பெண்களுக்கு அது புரியாத மொழி. இந்த இடங்களில் வசன வரி போடாமல் விட்டுவிட்டால், பார்வையாளரும் அவர்களோடு சேர்ந்து திணறிப் பழகுவார்.

சீருடையை முழுப் பருத்திக் காக்கித் துணியில் தைக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் காவலர் காக்கி பெரும்பாலும் கலப்பு இழை. வெயிலில் மினுமினுக்கும், வியர்வையை ஏற்காது. தென்காசியிலோ புனலூரிலோ தையற்காரரிடம் அரைக்கைச் சட்டையும் காற்சட்டையும் பல அளவில் தைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, தேயிலைச் சாற்றில் ஒருமுறை முக்கி எடுத்தால் போதும். பொத்தான் பிளாஸ்டிக்கில் இருக்கக் கூடாது. பலர் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். அது கட்டாயமில்லை என்பதால், வெட்டச் சம்மதிக்கும் நடிகைகளைக் கேமராவின் முன்னாலேயே வெட்டிக்கொள்ளச் செய்து, மற்றவர்களுக்குப் பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகிவிடலாம். சீர்செய்த புருவத்தைத்தான் மறைக்க முடியாது. ஒப்பந்தம் போடும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். கொடியில் கவனம் தேவை. தென்கிழக்காசியாவில் அவர்கள் ஏந்தியது இராட்டை பொறித்த மூவண்ணக் கொடி. பாயும் புலிச் சின்னம் ஜெர்மனியில் இருந்த இந்தியப் படைக்கு உரியது. அசோகச் சக்கரம் 1947 ஜூலையில்தான் கொடிக்கு வந்தது.

குண்டுவீச்சைக் காட்ட விமானம் வேண்டாம். மருத்துவமனைக் கூடத்தில் தொங்கும் விளக்கு அதிர்வது, மருந்துக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசிச் சிலம்புவது, கூரையிலிருந்து காரை உதிர்வது, கட்டிலோடு சேர்த்து நோயாளியைத் தரையில் இறக்க முயலும் இரண்டு பெண்கள்: இவ்வளவும் நான்கு சுவருக்குள் முடியும். தரை வெடிப்பதைக் காட்டத்தான் வேண்டுமென்றால், தென்னைநார்க் கழிவுத் தூளையும் சலித்த மண்ணையும் கலந்து காற்றழுத்தக் குழாயால் வீசலாம். நடிகையின் கண்ணுக்கு எதிர்த்திசையில், போதிய தூரத்தில் மட்டும். மைதா போன்ற மாவுத்தூளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, காற்றில் பரவிய மாவு நெருப்புப் பொறி பட்டால் வெடிப்பதுபோல் பற்றிக்கொள்ளும். வாணவெடி மருந்தை வைத்து விளையாடும் எண்ணம் இருந்தால் அந்தக் காட்சியையே எழுதாமல் விடுவது நல்லது. இரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகும் உணவு நிறமும் கலக்கிறவர்கள், தோட்டத்து எறும்புகளை மறந்துவிடக் கூடாது. பாகுக்குப் பதில் கூழ்மமாகக் காய்ச்சிய மரச்சீனி மாவு போதும்.

இரவு நடைதான் படத்தின் முதுகெலும்பு, அதற்கு ஜெனரேட்டரும் பெரிய விளக்குகளும் வாடகைக்கு எடுத்தால் பணம் கரைந்துவிடும். பகலிலேயே இரவை எடுக்கும் பழைய முறையைக் கையாளலாம்: வெயில் நடிகைகளின் பின்னாலிருந்து விழ வேண்டும், சட்டகத்துக்குள் வானம் வரக் கூடாது, ஒளியை இரண்டு படி (ஸ்டாப்) குறைத்து, வெண்மைச் சமனை (ஒயிட் பேலன்ஸ்) நீலத்தின் பக்கம் தள்ள வேண்டும். இலையுதிர்ந்த தேக்கின் நிழற்கோடுகள் நிலவொளியாகவே தெரியும். நெருப்போ லாந்தரோ வரும் காட்சிகளை மட்டும் அந்தி மறைந்த அரைமணி நேரத்தில் எடுக்கலாம். ஆற்றைக் கடக்கும் காட்சிக்குக் கோடையில் இடுப்பளவு நீருள்ள இடம் கிடைக்கும். தென்மலை அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் நேரத்தை அதிகாரிகளிடம் கேட்டறியாமல் ஒருவரையும் ஆற்றில் இறக்கக் கூடாது. பின்வாங்கும்போது ரயில் மீது நடந்த தாக்குதலில் இந்தப் படையின் பெண்கள் இருவர் இறந்தார்கள். அதைப் படமாக்க ரயில் தேவையில்லை: ஒரு பெட்டியின் மரப்பலகை உட்புறம், இடுக்கில் ஓடும் ஒளி, திடீரென்ற இருட்டு, பிறகு பெயர் சொல்லி அழைக்கும் குரலுக்குப் பதில் வராமை. பதின்மூன்று கண் பாலத்தைக் காட்ட விரும்பினால் கீழேயிருந்து வளைவுகளினூடே எடுக்க வேண்டும். மேலே மின்கம்பங்கள் நிற்கின்றன. ரயில்வேயின் எல்லைக்குள் கால் வைப்பதானால் மதுரைக் கோட்டத்தின் அனுமதியும் கட்டணமும் உண்டு.

வனத்துறை நிலத்திலும் செந்துருணிக் காட்டுயிர் சரணாலயத்தை ஒட்டியும் அனுமதி பெறுவதற்குக் காலம் பிடிக்கும். தனியார் தோட்டத்தில் எழுத்து மூலமான இசைவு போதும் என்பதால், காடென்று தோன்றும் எதையும் முடிந்தவரை தோட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும். துப்பாக்கி ஏந்திய நாற்பது பெண்கள் சீருடையில் சாலையோரம் நடந்தால் ஊர் கூடிவிடும். எனவே இரு மாநிலக் காவல் நிலையங்களிலும், பொம்மைத் துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் படங்களையும் இணைத்து முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் பெரும்பான்மையாக உள்ள படப்பிடிப்பில் செலவைக் குறைக்கக் கூடாத இடங்கள் உண்டு: பூட்டக்கூடிய உடைமாற்றும் அறை, தண்ணீருள்ள கழிப்பறை, இரவில் வீடு வரை கொண்டுவிடும் வண்டி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு அமைப்பது, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயம். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024-இல் வெளிவந்த பிறகு கேரளத்தில் இதைக் கேட்காத நடிகை இல்லை, கேட்பதும் நியாயமே. என் கணக்கில், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவு, வண்டி, தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் கேமராவின் தரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒலியில் கஞ்சத்தனம் கூடாது. சில்வண்டின் இரைச்சலும் நெடுஞ்சாலை லாரிகளின் கியர் சத்தமும் நேரடி ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்பதால், ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அதே இடத்தில் அதே நடிகைகளைக் கேமரா இன்றி மறுபடி பேச வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; பின்னர்க் குரல்கூடத்தில் அந்த மூச்சு வராது. அக்காலப் பாடல்களைச் சேர்க்க விரும்பினால், ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டும், பாடலுக்கு ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டும் காப்புரிமை உண்டு என்பதை நினைவில் கொண்டு, இரண்டையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

திரையரங்கில் வெளியிடுவதானால் சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள தணிக்கை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காயங்களைக் காட்டும் அளவைப் பொறுத்து 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்ற பிரிவுகளில் ஒன்று கிடைக்கலாம். உண்மையில் வாழ்ந்த லட்சுமியையும் ஜானகியையும் பெயர் சொல்லிக் காட்டினால் அவர்கள் பேசியதற்குச் சான்று கேட்கப்படக்கூடும். கதாநாயகியைக் கற்பனைப் பெயரில் வைத்து, அவர்கள் இருவரையும் தூரத்தில் நிற்கும் உருவங்களாக நிறுத்திக்கொள்வது எழுத்துக்கும் நல்லது, சான்றிதழுக்கும் நல்லது. பர்மியச் சுருட்டைப் பற்றவைக்கும் ஒரு கிழவியைக் காட்டும் ஆசை எல்லா இயக்குநருக்கும் வரும். அந்தக் காட்சி முழுவதும் திரையின் அடியில் புகையிலை எச்சரிக்கை ஓடும் என்பதை அறிந்தே எழுத வேண்டும்.